தூத்துக்குடித் துறைமுகம்: டன் ஏறுகிறது, தென்மாவட்டத்தில் தங்குவது எவ்வளவு?

வைகைக்கரை கேட்டது:

வ.உ.சி. துறைமுகத்தைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரே மாதிரிச் செய்திதான் வருகிறது. இந்த ஆண்டு இத்தனை கோடி டன், போன ஆண்டைவிட இத்தனை சதவீதம் கூடுதல். ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு, 7 லட்சம் டி.இ.யு.வுக்கு (20 அடிப் பெட்டிக் கணக்கு) மேல் கன்டெய்னர் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். அந்தச் சரக்கால் யாருக்கு வேலை, யாருக்கு வருமானம் என்பதுதான் பிடிபடவில்லை.

தொழிலில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

1. எந்தச் சரக்கு தென்மாவட்டங்களில் உண்மையிலேயே வேலையை உண்டாக்குகிறது? எது வெறும் டன் கணக்கு?
2. 1974-லேயே பெருந்துறைமுகம் ஆகிவிட்டது. இன்னும் ஏன் கன்டெய்னர் பெட்டிகள் கொழும்பு வழியாகப் போகின்றன?
3. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது. இனி தூத்துக்குடிக்கு என்ன ஆகும்?

பொதுவாகச் சொல்லாமல் கொஞ்சம் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கணக்குப்பேரேடு:

டன்னை வைத்து ஊர்ப் பொருளாதாரத்தை அளந்தால் முதல் அடியிலேயே வழுக்கும். காரணம் நிலக்கரி.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் ஐந்து. ஒரு யூனிட் முழுச் சுமையில் ஓடினால் நாளுக்கு ஏறத்தாழ 3,000 டன் கரி வேண்டும். ஐந்தும் ஓடினால் 15,000 டன். அதாவது 60,000 டன் ஏற்றிய கப்பல் நாலு நாளில் தீர்ந்துபோகும். பக்கத்திலேயே என்.எல்.சி.யும் மின்வாரியமும் கூட்டாக அமைத்த என்.டி.பி.எல்., 500 மெகாவாட்டில் இரண்டு யூனிட். ஒடிசா சுரங்கத்துக் கரி ரயிலில் பாரதீப் போய், அங்கே கப்பலேறி இங்கே இறங்குகிறது. கரித்தளத்தில் இறக்கும் எந்திரம் அள்ளிக் கொட்ட, கன்வேயர் பெல்ட் நேரே நிலையத்தின் கரிமேட்டில் சேர்த்துவிடும். இடையில் லாரி இல்லை, கிடங்கு இல்லை, கமிஷன்காரர் இல்லை. மின்சாரம் மாநிலம் முழுக்கப் போகிறது. ஊரில் தங்குவது சாம்பல். உள்நாட்டுக் கரியில் 35 முதல் 40 சதவீதம் சாம்பல் என்று வைத்தால் 15,000 டன்னுக்கு நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல். நல்ல பறக்கும் சாம்பலை (ஃபிளை ஆஷ்) சிமென்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் வாங்கிக்கொள்ளும். மீதி சாம்பல் குட்டைக்கு.

இதனால் கரி வேண்டாத சரக்கு என்று ஆகிவிடாது. துறைமுகத்தின் நிலைச்செலவைத் தாங்குவதில் அதற்குப் பெரும் பங்கு. அலைத்தடுப்புச் சுவர்கள் இரண்டும் ஆளுக்கு 4 கிலோமீட்டர் நீளம், இடையில் 1,275 மீட்டர் அகலம். முழுக்கச் செயற்கையாகக் கட்டிய துறைமுகம் இது. தூர்வாருதல், இழுவைப் படகு, பைலட் என்று கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் ஓடுகிற செலவு உண்டு. கரி போன்ற மொத்தச் சரக்கு (பல்க்) இல்லாவிட்டால் அந்தச் சுமை பெட்டிக் கட்டணத்தில் வந்து விழும். கரியின் பங்கு அங்கேதான். வேலைவாய்ப்புக் கணக்கில் அதைச் சேர்ப்பதுதான் தப்பு.

அதே கரி சிமென்ட் ஆலைக்கோ நூற்பாலைக்கோ என்று பொது பெர்த்தில் (கப்பல் நிற்கும் தளம்) இறங்கினால் கதை மாறும். 30 டன் லாரிக் கணக்கில் 60,000 டன்னுக்கு 2,000 நடை. டிரைவர், டயர் கடை, டீசல், எடைமேடை, தார்ப்பாய், லோடு ஆள், சர்வேயர் என்று பணம் பிரியும். எண் 1-க்கு நேரான பதில் இதுதான்: பெர்த்தை விட்டு வெளியேறிய பிறகு சரக்கை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று பாருங்கள்.

இந்தக் கண்ணாடியில் முந்திரியைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் தான்சானியாவிலும் விளையும் பச்சைக்கொட்டை 80 கிலோ மூட்டையாக வருகிறது. ஒரு 20 அடிப் பெட்டியில் 200 மூட்டை, 16 டன். அது கொல்லத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் போய் வறுத்து, உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்து, டின்னிலும் பையிலும் அடைபடுகிறது. நல்ல கொட்டை என்றால் 80 கிலோவுக்கு 48 பவுண்டு பருப்பு கிடைக்கும், அதாவது சுமார் 27 சதவீதம். பருப்பில் ஒரு பகுதி மறுபடி கன்டெய்னரில் வெளியே போகிறது. 16 டன் சரக்கு பெரும்பாலும் பெண் தொழிலாளர்களின் கையில் நாள்கணக்காகப் புரள்கிறது. கரிக்கப்பலின் எடையில் அது மூவாயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

முந்திரியில் தவறு நடக்கும் இடம் ஈரம். கொட்டையில் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டி ஏற்றியிருந்தால் பெட்டிக்குள் ஆவி கூரையில் பட்டுச் சொட்டும், மேல் மூட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். கொழும்பில் பெட்டி பத்து நாள் வெயிலில் நின்றால் இன்னும் மோசம். கிராஃப்ட் காகிதம் பக்கங்களில் ஒட்டியிருக்கிறதா, ஈரமுறிஞ்சிப் பை தொங்கவிட்டிருக்கிறார்களா என்று ஏற்றுமிடத்திலேயே பார்க்கவேண்டும். இங்கே இறக்கும்போது வெட்டிப் பார்த்து 48 பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் 43 வந்தால் ஆலைக்காரருக்கு அந்த சீசனே போச்சு.

இன்னொன்று, தொழிற்சாலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது. ஸ்பிக் உர ஆலை யூரியா செய்கிறது. அங்கிருந்து அமோனியா, உப்பளத்திலிருந்து உப்பு, கூடவே கரியமில வாயு, இந்த மூன்றும் சேர்ந்து பக்கத்து ஆல்கலி ஆலையில் சோடா உப்பும் அம்மோனியம் குளோரைடு உரமும் ஆகும். சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ரசாயன ஆலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா, கூடவே வரும் குளோரினை அமிலமாக்கி இல்மனைட் தாதுவில் செலுத்தினால் செயற்கை ரூட்டைல் (வெள்ளை நிறமிக்கான மூலப்பொருள்). இவையெல்லாம் வந்ததற்கு உப்பும் துறைமுகமும் ஒரே இடத்தில் இருந்ததுதான் காரணம்.

ஸ்பிக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முன்பு நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளில் ஓடியது. 2021-ல் ராமநாதபுரம் - தூத்துக்குடி எரிவாயுக் குழாய் வந்தபின் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. ஊர்த் தொழிலுக்கு இது நல்லதுதான். ஆனால் துறைமுகத்தின் டன் கணக்கில் இது குறைவாகத்தான் தெரியும். புள்ளிவிவரத்தை அப்படியே நம்பவேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

---

ஃபீடர்பாய்:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

காரணம் ஆழம் மட்டும் இல்லை. எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 24,000 டி.இ.யு. தாய்க்கப்பல் (கண்டம் விட்டுக் கண்டம் ஓடும் பெருங்கப்பல்) 400 மீட்டர் நீளம், முழுச்சுமையில் 16 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கும். தூத்துக்குடியில் இப்போது சில பெர்த்துகளில் 14.2 மீட்டர் வரை கொடுக்கிறார்கள். முன்பு இதைவிட ரொம்பவே குறைவு. கொழும்பில் 2013-ல் திறந்த தென் முனையத்தில் 18 மீட்டர். சரி, நாளைக்கே தூத்துக்குடியை 18 மீட்டருக்குத் தோண்டிவிட்டால் தாய்க்கப்பல் வருமா? வராது. ஐரோப்பா - சிங்கப்பூர் தடத்தில் போகிற கப்பல் இலங்கையின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. கொழும்புக்கு ஒரு எட்டு விலகினால் போதும். மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து தூத்துக்குடிக்கு வந்து திரும்ப வெளியே போக ஒரு நாள் போய்விடும். அவ்வளவு பெரிய கப்பலின் ஒரு நாள் செலவை ஈடுகட்ட ஒரே நிறுத்தத்தில் ஆயிரக்கணக்கில் பெட்டி ஏறி இறங்கவேண்டும். இங்கே ஆண்டுக்கு மொத்தமே 7 லட்சம் சொச்சம், அதுவும் பல லைன்களுக்கு (கப்பல் நிறுவனங்கள்) பிரிந்து கிடக்கிறது. கொழும்பில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி டிரான்ஷிப்மென்ட், அதாவது ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றுவது. கிழக்கே போகவும் வழி இல்லை. ராமர் பாலத் திட்டில் ஆழமே இல்லாததால் சென்னைக்குப் போகும் கப்பல்கூட இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. சேதுத் திட்டம் 2005-ல் தொடங்கி 2007-ல் கோர்ட்டில் நின்றது தெரிந்ததுதான்.

ஆழம் மொத்தச் சரக்குக்குத்தான் உடனடியாகக் காசு. பனாமாக்ஸ் அளவு மொத்தச் சரக்குக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூட அமிழ 65 முதல் 70 டன் ஏற்றலாம். ஒரு மீட்டர் கூடுதல் ஆழம் என்றால் நடைக்கு 6,500 டன்னுக்கு மேல் கூடுதல், கிட்டத்தட்ட அதே வாடகையில்.

ஃபீடர், அதாவது இங்கிருந்து தாய்க்கப்பல் நிற்கும் துறைமுகத்துக்குப் பெட்டி கொண்டுபோகும் சிறு கப்பல், எப்படி நடக்கிறது என்றால், கொழும்பு 150 கடல் மைல். 12 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் ஓடினால் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். சாயங்காலம் கிளம்பினால் காலையில் கொழும்பு. இந்தக் கிட்டம்தான் தூத்துக்குடிக்குப் பலம். ஃபீடர் ஒன்றை விட்டாலும் அடுத்தது சீக்கிரமே இருக்கிறது.

கரூரிலிருந்து ஒரு 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய) பெட்டி போகிற வழியைப் பார்ப்போம். லைனில் புக்கிங் வாங்கி, காலிப்பெட்டி எடுக்க டெலிவரி ஆர்டர். யார்டில் பெட்டியை எடுக்கும்போதே உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை, வேறு பெட்டி கேளுங்கள். தரையில் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை இருந்தால் படுக்கை விரிப்புக்கு ஆகாது. ஆலையில் ஸ்டஃபிங் (சரக்கு அடைப்பது). ஷிப்பிங் பில்லை (ஏற்றுமதி அறிவிப்பு) ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் போர்ட்டலில் போட்டு, ஆலையிலேயே மின்னணு சீல். சீல் எண், பெட்டி எண், லாரி எண் மூன்றும் போர்ட்டலில் ஏற்றியதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு இலக்கம் புரண்டால் கேட்டில் கஸ்டம்ஸ் ஓரமாக நிறுத்திவிடும், பெட்டியைத் திறந்து பரிசோதித்து மறு சீல். ஒரு நாள் போச்சு.

2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம். (ஏற்றிய பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை) கட்டாயம். ஏற்றிய பெட்டியை எடைமேடையில் நிறுத்தலாம், இல்லையென்றால் அட்டைப்பெட்டி எடைகளைக் கூட்டிப் பெட்டியின் சொந்த எடையோடு சேர்க்கலாம். 40 ஹைக்யூபுக்குச் சொந்த எடை 3.9 டன் அளவில், ஆனால் பெட்டிக் கதவில் எழுதியிருக்கிற எண்ணைத்தான் எடுக்கவேண்டும். பலபேர் எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண்ணைப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு ஃபார்ம் 13 (துறைமுக நுழைவுப் படிவம்), கேட் உள்ளே, கஸ்டம்ஸ் எல்.இ.ஓ. (ஏற்றுமதி அனுமதி), ஃபீடரில் ஏற்றம்.

கட்-ஆஃப் (பெட்டி உள்ளே வரவேண்டிய கடைசி நேரம்) தவறினால் ஷட்-அவுட், அந்தக் கப்பலில் ஏறாது. அடுத்த ஃபீடரில் ஏற்றலாம்தான், ஆனால் கொழும்பில் தாய்க்கப்பல் வாரம் ஒரு நாள். இங்கே தவறுகிற பத்து மணி நேரம் அங்கே ஏழு நாளாக மாறும். இதைப் புதிதாக வருகிற ஏற்றுமதியாளர்கள் புரிந்துகொள்வதே இல்லை. ஃபீடர் நேரத்தைப் பார்க்காதீர்கள், தாய்க்கப்பலின் கொழும்புத் தேதியைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள், குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்ததும் அட்டவணை எல்லாம் குலைந்து, 2024-ல் கொழும்பு யார்டு நிரம்பி வழிந்தது. மூன்று நாள் அப்போது போதவில்லை.

கப்பல் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. இ.ஜி.எம். (லைன் கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியல்) சரியாகத் தாக்கலாகாவிட்டால் ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் நிற்கும். எஸ்.பி.002 என்ற பிழைக்குறி வந்தால் இ.ஜி.எம். பிரச்சினை, லைன் ஏஜென்ட்டைப் பிடிக்கவேண்டும். எஸ்.பி.005 என்றால் ஷிப்பிங் பில்லில் இருக்கிற இன்வாய்ஸ் எண் ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை, அது உங்கள் கணக்காளர் வேலை. சின்ன ஆலைக்கு இந்தப் பணம் முடங்கினால் அடுத்த நூல் கொள்முதல் நின்றுவிடும்.

கடைசியாக காலிப்பெட்டி. இங்கிருந்து போவது துணி, தென்னைநார்ச் சோற்றுக்கட்டி என்று இடம் அடைக்கிற சரக்கு, எல்லோருக்கும் 40 ஹைக்யூப் வேண்டும். வருவது முந்திரி, இரும்புக் கழிவு என்று கனமான சரக்கு, பெரும்பாலும் 20 அடி. அதனால் 40 அடிக் காலிகளை லைன்கள் கொழும்பிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. சரக்குக்கட்டணம் உச்சத்தில் இருக்கும்போது அவர்கள் அந்தக் காலிகளைச் சீனாவுக்குத்தான் அனுப்புவார்கள். இங்கே ஆர்டர் இருந்தும் பெட்டி இருக்காது.

---

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. இரண்டு துணைக்கேள்வி. திருப்பூருக்குக் கொச்சி 250 கிலோமீட்டருக்குள், தூத்துக்குடி 300-க்கு மேல். பிறகு ஏன் திருப்பூர்ச் சரக்கு இங்கே வருகிறது? ஸ்டெர்லைட் மூடியதால் துறைமுகத்துக்கு நேர்ந்ததை யாரும் தொடவில்லையே?

---

உப்பளத்தெரு:

அண்ணாச்சி, ஸ்டெர்லைட் பற்றி இரண்டு பக்கமும் கத்துகிறவர்கள்தான் அதிகம், கணக்குச் சொல்கிறவர் குறைவு. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் ஆலை. வரும் தாதுச்செறிவில் செம்பு கால்வாசிக்குச் சற்று மேல். ஆக 4 லட்சம் டன் செம்புக்கு 14 லட்சம் டன் சொச்சம் செறிவு கப்பலில் இறங்கவேண்டும். உருக்கும்போது வரும் கந்தக வாயுவைப் பிடித்தால் ஒரு டன் செம்புக்கு ஏறக்குறைய மூன்று டன் கந்தக அமிலம். அந்த அமிலத்தில் ஒரு பங்கைப் பாஸ்பேட் பாறையில் சேர்த்தால் பாஸ்பாரிக் அமிலம், மிச்சம் ஜிப்சம். பாறையும் கப்பலில்தான் வரும். ஜிப்சம் சிமென்ட் ஆலைக்கு லாரியில் போகும். ஒரு ஆலை, ஆனால் துறைமுகத்தில் நாலைந்து வகைச் சரக்கு. 2018 மே 22-ல் துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்தார்கள், மே 28-ல் அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மனுவைத் தள்ளிவிட்டது. ஆலை மூடிய 2018-19 நிதியாண்டிலேயே செம்பு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி நாடானது. அமிலம் வாங்கிக்கொண்டிருந்த சின்ன ஆலைகள் தூரத்திலிருந்து டேங்கரில் வரவழைக்க வேண்டியதாயிற்று. அமிலத்தில் சரக்கு விலையைவிட வண்டி வாடகை பெரிசு, அதனால் அடி அங்கேதான் பலமாக விழுந்தது. டேங்கர் வைத்திருந்தவர்களுக்கும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் வருமானம் போனதும் உண்மை.

ஆனால் இதைச் சொல்கிறவர்கள் மறுபக்கத்தையும் அதே பேரேட்டில் எழுதவேண்டும். நிலத்தடி நீர், காற்று, மக்கள் உடம்பு, இவற்றின் செலவு எந்த டன் கணக்கிலும் வராது. துறைமுகத்தை நம்பி வரும் தொழில் என்றால் அது எதைக் கொண்டுவருகிறது என்பதோடு எதை விட்டுப்போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். ஆலை மூடியபிறகும் துறைமுகம் படுத்துவிடவில்லை, 2023-24-ல் 4 கோடி டன்னைத் தாண்டியது. அதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, நஷ்டமே இல்லை' என்பதும் தப்பு. ஏறியது வேறு சரக்கு, பிழைப்புப் போனது வேறு ஆட்களுக்கு.

உப்பைப் பற்றிக் கணக்குப்பேரேடு ஒரு வரியில் தாண்டிவிட்டார். குஜராத்துக்கு அடுத்து உப்பில் தமிழ்நாடுதான், அதில் பெரும்பங்கு இந்த மாவட்டம், ஆண்டுக்கு 25 லட்சம் டன் அளவில். பல உப்பளங்களில் கடல்நீரைவிட ஆழ்குழாய் உப்புநீரையே இறைக்கிறார்கள், ஆரம்பத்திலேயே அடர்த்தி கூடுதலாக இருக்கும். பாத்தி பாத்தியாக வெயிலில் ஏற்றி உப்புநீரின் அடர்த்தி 24 பாமே டிகிரி வந்ததும் தெப்பப் பாத்தியில் விட்டு உப்பு எடுக்கவேண்டும். 29-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும், காஸ்டிக் ஆலை எடுக்காது. சீசன் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை. ஐப்பசி மழை ஆரம்பித்தால் வேலை இல்லை.

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது அம்பாரத்தில் குவித்திருந்த உப்பு கரைந்து போயிற்று. இங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். துறைமுகத்தைக் கடல் பக்கம் இலங்கையும் அலைத்தடுப்பும் காப்பாற்றுகின்றன. அன்றைக்கு அடி விழுந்தது கரைப்பக்கம். திருநெல்வேலிச் சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. பெர்த்தில் கப்பல் வந்து நிற்கலாம், சரக்கை எடுத்துப்போக வழி இல்லை. தாமிரபரணிக் கடைமடை வடிகால்கள் தூர்ந்து கிடக்கிற வரைக்கும் புதுப் பெர்த் எத்தனை கட்டினாலும் இந்தப் பலவீனம் அப்படியே இருக்கும்.

---

ஃபீடர்பாய்:

திருப்பூர் கேள்விக்கு. முதல் காரணத்தை யாரும் சொல்வதில்லை: திருப்பூர்க்காரர் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. விலைக்கு விற்கிறார். கடல் வாடகை கொடுப்பது வெளிநாட்டு வாங்குநர், ஃபார்வர்டரை (சரக்கு அனுப்பும் முகவர்) நியமிப்பதும் அவர். அந்த ஃபார்வர்டரின் சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு) எங்கே இருக்கிறதோ அங்கேதான் சரக்கு போகும். பல ஆலைகளின் அட்டைப்பெட்டிகளைச் சேர்த்து ஒரு கன்டெய்னர் ஆக்கும் வேலை தூத்துக்குடிச் சி.எஃப்.எஸ்.களில் வேரூன்றிவிட்டது. கிளியரிங் ஏஜென்ட், டிரெய்லர்காரர், கூலி ஆள் என்று ஒரு வட்டமே இருக்கிறது. கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் 2011-ல்தான் திறந்தது, அதற்குள் இந்த வட்டம் இறுகிவிட்டது. 2017-க்கு முன் கேரள எல்லையில் வாளையார் சோதனைச்சாவடி வரிசையும் ஒரு தடை. ஜி.எஸ்.டி. வந்து அது போனது, ஆனால் பழக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்து, திரும்புச் சுமை. தூத்துக்குடியில் பெட்டியை இறக்கும் டிரெய்லருக்கு மதுரை, திண்டுக்கல், கோவைப் பக்கம் இறக்குமதிச் சுமை கிடைத்தால் வாடகை குறையும். காலியாகத் திரும்பினால் டீசல் முழுக்க ஏற்றுமதியாளர் தலையில்.

இனி விழிஞ்ஞம். 2024 டிசம்பரில் வணிக இயக்கம், 2025 மே 2-ல் முறையான திறப்பு. சர்வதேசத் தடத்திலிருந்து 10 கடல் மைல், இயற்கையாகவே ஆழம். முதல் கட்டத்தில் அது முழுக்க டிரான்ஷிப்மென்ட் துறைமுகம். அதனால் தூத்துக்குடிக்கு அது போட்டி என்பதைவிட கொழும்புக்குப் போட்டி. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி முனையைச் சுற்றினால் விழிஞ்ஞம் 100 கடல் மைல் சொச்சம், கொழும்பைவிடக் கிட்டம். 2018 மே மாதம் கபோட்டாஜ் விதி (உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கு இருந்த கட்டுப்பாடு) தளர்ந்ததால் வெளிநாட்டுக் கொடி ஃபீடரும் இரண்டு இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே ஏற்றுமதி, இறக்குமதிப் பெட்டி ஏற்றலாம். ஆக நல்லது நடந்தால் ஏற்றுமதியாளருக்கு இரண்டு கதவு: கொழும்பில் நெருக்கடி என்றால் விழிஞ்ஞம், அங்கே கட்டணம் ஏறினால் கொழும்பு.

கெட்டது எங்கே? விழிஞ்ஞத்துக்கு ரயிலும் தேசிய நெடுஞ்சாலை இணைப்பும் முழுமையாக வந்து தரைவழிச் சரக்கு எடுக்கத் தொடங்கினால் கன்னியாகுமரி மாவட்டமும் திருநெல்வேலியின் ஒரு பகுதியும் நேரே லாரியில் அங்கே போய்விடும். நாகர்கோவிலிலிருந்து 60 கிலோமீட்டர்தான். ஃபீடர் செலவே மிச்சம். முந்திரி முதலில் கைமாறும் என்று நினைக்கிறேன். திருப்பூர், கரூர் சரக்கு மேற்சொன்ன சி.எஃப்.எஸ். வட்டத்தால் உடனே நகராது.

7,056 கோடி மதிப்பில் வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். என் கருத்து இதுதான்: தாய்க்கப்பலை இழுக்கத்தான் அது என்றால் விழிஞ்ஞத்துக்கும் கொழும்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நடுத்தரக் கப்பல் கிழக்காசியாவுக்கும் வளைகுடாவுக்கும் நேரடியாகப் போக என்றால் அர்த்தம் உண்டு. அதற்கும் முன்னால் இருப்பதை வைத்துச் செய்ய நிறைய இருக்கிறது. 9-வது பெர்த்தில் 2024 செப்டம்பரில் திறந்த முனையமே ஆண்டுக்கு 6 லட்சம் டி.இ.யு. திறன் கொண்டது. பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் சாலையில்தான் வருகின்றன. 45 தட்டை வேகன் கொண்ட ஒரு ரயில் 90 டி.இ.யு. எடுக்கும், மதுரை வரை இரட்டைப் பாதையும் வந்துவிட்டது. மேற்கு மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஒரு நிச்சயமான நேரத்தில் ஒரு ரயில் ஓடினால் அது 18 மீட்டர் ஆழத்தைவிட உடனடியாகப் பலன் தரும்.

---

தீப்பெட்டி:

சிறு சரக்குகளை விட்டுவிட்டீர்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டி ஆப்பிரிக்கா வரை போவது இந்தத் துறைமுகத்தால்தான். ஆபத்துச் சரக்குப் பட்டியலில் 4.1 வகுப்பு (எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்), ஐ.நா. எண் 1944. சாதாரண அட்டைப்பெட்டியில் அடைத்தால் லைன் எடுக்காது. ஐ.நா. முத்திரை பெற்ற பெட்டி, ஆபத்துச் சரக்கு அறிவிப்பு, கன்டெய்னரின் நாலு பக்கமும் ஸ்டிக்கர் வேண்டும். புக்கிங் சாதாரணச் சரக்கைவிட சில நாள் முன்பே போட்டு, ஃபீடர், கொழும்பு, தாய்க்கப்பல் மூன்று இடத்திலும் ஒப்புதல் வாங்கவேண்டும். ஒன்றில் மறுப்பு வந்தாலும் பெட்டி நகராது. பட்டாசு இன்னும் கடினமான வகுப்பு என்பதால் லைன்கள் தொடவே தயங்குகின்றன. பக்கத்திலேயே துறைமுகம் இருந்தும் சிவகாசிப் பட்டாசு உள்நாட்டுச் சந்தையையே நம்பி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழைய துறைமுகமும் செத்துப்போகவில்லை. சுமார் 300 டன் ஏற்றும் தோணிகள் இன்னும் மாலத்தீவுக்குக் காய்கறி, வெங்காயம், கட்டுமானப் பொருள் கொண்டுபோகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி ஓடாது, அப்போது மாலுமிகளுக்கும் சுமை ஆட்களுக்கும் வருமானம் இல்லை. டெல்லியில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டால் முதல் அடி இங்கே விழும்.

காற்றாலை இறக்கையும் உண்டு. 80 மீட்டர் நீளம், எடை 25 டன்தான். டன் கணக்கில் ஒரு லாரிக் கரிக்குக்கூட ஈடாகாது. ஆனால் ஒரு இறக்கைக்குத் தனி ஹைட்ராலிக் டிரெய்லர், முன்னும் பின்னும் காவல் வண்டி, வளைவுகளில் மின்கம்பி தூக்க ஆள், யார்டில் பெரும் இடம், ஏற்றும்போது இரண்டு கிரேன். வைகைக்கரை அட்டவணை போடுவதாக இருந்தால் டன் பத்தியின் பக்கத்தில் இன்னும் மூன்று பத்தி போடுங்கள்: எத்தனை லாரி நடை, கேட்டுக்கு வெளியே எத்தனை நாள் கைவேலை, மிச்சப்படும் கழிவு எங்கே போகிறது. முதல் இரண்டுக்குச் சி.எஃப்.எஸ்.களிலும் லாரி உரிமையாளர் சங்கத்திலும் கேட்டால் சொல்வார்கள்.